சுண்டெலி ஈஎஸ் செல்: முதல் குப்பி கைக்கு வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை

சுண்டெலியின் கரு ஸ்டெம் செல்லை (ஈஎஸ் செல்) வளர்ப்பது கஷ்டம் என்று யாரும் சொல்வதில்லை. 12 முதல் 15 மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். தனித்தனி செல்லாகப் பிரித்துப் போட்டாலும் பிழைத்துக்கொள்ளும். மனித ஸ்டெம் செல்லைப் போலப் பிரித்த மாத்திரத்தில் கூட்டமாகச் சாகாது. அதனால் லேபில் புதிதாகச் சேர்ந்தவர் கையில் ஒரு குப்பியையும் இரண்டு பக்கப் புரோட்டோகாலையும் கொடுத்து, நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிடுவார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. இந்தச் செல் கெட்டுப்போனால் அதை வெளியே காட்டிக்கொள்ளாது. கெட்டது பெரும்பாலும் நல்லதைவிட வேகமாக வளரும், பிளேட்டில் அழகாகவும் இருக்கும். கணக்கு பின்னால்தான் வரும். ஜீனை மாற்றிக் குளோன் (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம்) எடுத்து உறுதிசெய்ய இரண்டு மாதம். பிளாஸ்டோசிஸ்ட்டில் (சில நாள் வயதான ஆரம்பக் கரு) செலுத்தி வாடகைத் தாயில் வைத்தால் குட்டி பிறக்க 17 நாள். பிறந்த ஆண் கைமேரா (உங்கள் செல்லும் அந்தக் கருவின் செல்லும் கலந்து உருவான எலி) இணைசேரும் வயதுக்கு வர 6 முதல் 8 வாரம். அதற்குப் பிறக்கும் குட்டிகளுக்கு 3 வாரம், அவற்றின் ரோம நிறம் தெரிய இன்னும் ஒரு வாரம், பத்து நாள். ஆக, செல் சரியில்லை என்ற செய்தி உங்களை வந்தடையும்போது ஏறக்குறைய ஆறு மாதம் போயிருக்கும், ஊசி போட்ட கட்டணமும் விலங்குக் கூடச் செலவும் சேர்த்து. அப்போது வருகிற ஆத்திரத்தை யார் மேலும் காட்ட முடியாது. இரண்டு நாள் வேலையில் தெரிந்திருக்கக்கூடிய விஷயம்தான் அது என்பது இன்னும் எரிச்சலைக் கூட்டும்.

ஆகவே எந்தச் செல் வரிசை என்பதிலிருந்தே தொடங்குவோம். 1981இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்ஸும் மேத்யூ காஃப்மனும், அமெரிக்காவில் கெயில் மார்ட்டினும் தனித்தனியாக இந்தச் செல்லைப் பிரித்தெடுத்த காலத்திலிருந்து, 129 என்ற சுண்டெலி இனம்தான் இந்தத் துறையில் அதிகம் புழங்குகிறது. இன்று பலர் கையில் இருக்கும் ஈ14டிஜி2ஏ, ஆர்1, ஜே1, டி3 எல்லாமே 129 வழி வந்தவை. ஜேஎம்8 மட்டும் சி57பிஎல்/6என் என்ற கருப்பு எலி இனம். இதில் எது நல்லது என்று கேட்பதைவிட, உங்கள் வேலைக்கு எது என்று கேட்பது உருப்படி. ஃபீடர் செல் (ஈஎஸ் செல்லைத் தாங்க அடியில் பரப்பும் துணைச் செல்) இல்லாமல் ஜெலட்டின் மேலேயே வளர்க்க வேண்டுமென்றால் ஈ14டிஜி2ஏ வசதி. ஆனால் அதில் எச்பிஆர்டி ஜீன் வேலை செய்யாது. அந்த ஜீன் வேலை செய்யும் செல்லை மட்டும் வாழவிடும் எச்ஏடி மீடியத்தில் போட்டால் செத்துவிடும். கருப்பு எலி இனப் பின்னணியே வேண்டும், பத்துத் தலைமுறை பின்கலப்புக்கு நேரமில்லை என்றால் ஜேஎம்8. செல்லைக் கொடுப்பவரிடம் பாசேஜ் எண் (பிரித்துப் புதுப் பிளேட்டுக்கு எத்தனை தடவை மாற்றியது), ஃபீடர் மேலா ஜெலட்டின் மேலா, சீரமா 2ஐ என்ற சீரமில்லாத மீடியமா, கடைசியாகக் குரோமோசோம் எண்ணியது எந்தப் பாசேஜில் என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் எண்ணவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, 129க்குள்ளேயே உள்ளினங்கள் பல. டிஎன்ஏ வரிசை ஒன்றுக்கொன்று சற்று மாறும். பழைய முறையில் ஜீனைக் குறிவைக்கும்போது, செல் எந்த உள்ளினமோ அதே உள்ளினத்தின் டிஎன்ஏவிலிருந்து எடுத்த ஹோமாலஜிக் கைகள் (குறிவைத்த இடத்தின் இருபுறத்தோடும் பொருந்தும் டிஎன்ஏ துண்டுகள்) இருந்தால்தான் பலன் கூடும். டிஎன்ஏவை வெட்டி மாற்றும் கிரிஸ்பர் முறைக்கு வழிகாட்டி ஆர்என்ஏ வடிவமைப்பதற்கும் இது பொருந்தும். தரவுத்தளத்தில் இருக்கும் ஆதார வரிசை சி57பிஎல்/6ஜே உடையது. உங்கள் செல்லில் அந்த இடத்தில் ஓரெழுத்து மாறியிருந்தால் வழிகாட்டி வேலை செய்யாமல் போகலாம். வெட்டப்போகும் இடத்தை ஒருமுறை பிசிஆர் செய்து வரிசைப்படுத்திவிட்டு ஆர்டர் போடுங்கள்.

குப்பி வந்ததும் நேராக சோதனைக்குள் குதிக்கக் கூடாது. உறைநீக்கும் வேலை எளிது. 37 டிகிரி நீரில் ஆட்டி, சின்னப் பனித்துண்டு மிச்சமிருக்கும்போதே எடுத்து, 10 மி.லி. வெதுவெதுப்பான மீடியத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, 200 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றி, டிஎம்எஸ்ஓவை (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்) நீக்கிவிட்டு, ஆறு குழிப் பிளேட்டின் ஒரு குழியில் போடுங்கள். பெரிய டிஷ்ஷில் பரத்திப் போட்டால் செல்லுக்கு இடைவெளி அதிகமாகி மந்தமாகிவிடும். மறுநாள் காலையில் மிதக்கும் குப்பையைப் பார்த்து மனம் உடைய வேண்டாம், மீடியம் மாற்றியதும் அடியில் சின்னச் சின்னக் காலனிகள் தெரியும். இரண்டு மூன்று பாசேஜுக்குள் பெருக்கி, குறைந்தது பத்துக் குப்பி உறைய வைத்துவிடுங்கள். குப்பிக்கு 20 முதல் 50 லட்சம் செல், 10% டிஎம்எஸ்ஓ, மீதி சீரமும் மீடியமும். நிமிடத்துக்கு ஒரு டிகிரி இறங்கும் பெட்டியில் வைத்து மைனஸ் 80இல் ஓரிரவு, பிறகு திரவ நைட்ரஜன். மைனஸ் 80இலேயே மாதக்கணக்கில் விட்டுவைத்த குப்பியிலிருந்து எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் பத்தில் ஒன்றை எடுத்து உறைநீக்கிப் பாருங்கள். உயிரோடு எழுந்தால்தான் உங்களிடம் இருப்பு இருக்கிறது என்று பொருள். இந்தக் குப்பிகள்தான் பின்னால் எது தவறினாலும் திரும்பி வருவதற்கான இடம். இதைச் செய்யாமல் பாசேஜ் 30 வரை ஓட்டிக்கொண்டே போனவர்களுக்குத் திரும்ப இடமே இருக்காது.

மீடியம் பற்றிச் சொன்னால் ஒரு பத்தி போதாது, ஆனால் பாதித் தொல்லை சீரம் ஒன்றில்தான். அடிப்படை இதுதான்: குளுகோஸ் கூடிய டிஎம்இஎம், 15% சீரம், 2 மில்லிமோலார் குளுட்டமின், 1 மில்லிமோலார் பைருவேட், 0.1 மில்லிமோலார் அவசியமற்ற அமினோ அமிலங்கள், 0.1 மில்லிமோலார் பீட்டா-மெர்காப்டோஎத்தனால், மி.லி.க்கு 1000 யூனிட் லிஃப் (செல்லை ஸ்டெம் செல்லாகவே நிறுத்திவைக்கும் புரதம்). மெர்காப்டோஎத்தனாலைப் பொறுத்தவரை, அடர்த்தியான 14.3 மோலார் பாட்டிலிலிருந்து 500 மி.லி. மீடியத்துக்கு 3.5 மைக்ரோலிட்டர் போதும். அதைவிடக் கூடினால் விஷம். கலந்த மீடியத்தை இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். குளுட்டமின் சிதையும், மெர்காப்டோஎத்தனால் ஆக்சிஜனேறிப் போகும். சீரம் மட்டும் லாட்டுக்கு லாட்டு (தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி) வேறு ஆள். லேபிளில் ஸ்டெம் செல்லுக்குச் சோதித்தது என்று அச்சிட்டிருந்தாலும் உங்கள் செல்லில் நீங்கள் சோதிக்காதவரை அதை நம்பாதீர்கள். பழைய லாட் தீர்ந்த அன்று புதுப் பாட்டிலைத் திறந்து ஊற்றிவிட்டு, இரண்டு வாரம் கழித்துக் காலனிகள் தட்டையாகும்போது லிஃப்பையும் இன்குபேட்டரையும் சந்தேகப்பட்டு அலைவது சாதாரணமாக நடக்கிறது.

சோதிக்கும் முறை இப்படி. பழைய லாட் தீர இரண்டு மாதம் இருக்கும்போதே நான்கைந்து லாட்களின் மாதிரி கேளுங்கள். சோதனை முடியும்வரை அந்த லாட்டில் உங்களுக்கு வேண்டிய பாட்டில்களை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்; இதைக் கேட்காவிட்டால் நல்ல லாட் என்று நீங்கள் கண்டுபிடிக்கும்போது அது விற்றுப் போயிருக்கும். ஜெலட்டின் பூசிய ஆறு குழிப் பிளேட்டில் குழிக்கு 1000 செல் போட்டு, ஒவ்வொரு லாட்டையும் 10%, 15%, 30% என மூன்று அளவில் வையுங்கள். 30% எதற்கென்றால், விஷத்தன்மை உள்ள லாட் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். பழைய லாட் ஒரு வரிசை, லிஃப் இல்லாமல் ஒரு குழி கட்டாயம். லிஃப் இல்லாத குழியிலும் காலனிகள் கச்சிதமாக இருந்தால் அந்தச் சோதனையால் எதுவும் தெரியப்போவதில்லை. செல்லை நெருக்கமாகப் போட்டுவிட்டீர்கள் அல்லது ஃபீடர் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஆறு, ஏழு நாள் கழித்து ஸ்டெம் செல்லாகவே நிற்பவற்றை நிறம் காட்டும் அல்கலைன் பாஸ்ஃபடேஸ் சாயம் போட்டு, முழுவதும் நிறமேறிய காலனி, ஓரம் வெளிறியது, நிறமே ஏறாதது என்று மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். தேறிய இரண்டு லாட்களில் செல்லை வழக்கமான அடர்த்தியில் ஐந்து பாசேஜ் ஓட்டிய பிறகே முடிவெடுங்கள். எத்தனை பாட்டில் வாங்குவது? வாரத்துக்கு அரை லிட்டர் மீடியம் செலவாகும் ஒருவருக்கு 75 மி.லி. சீரம் போகும், வருஷத்துக்கு நான்கு லிட்டருக்கு நெருக்கம், அதாவது 500 மி.லி. பாட்டில் எட்டு. இரண்டு வருஷத்துக்கு வாங்கினால் ஒரேயடியாகப் பணம் போகிறதே என்று தோன்றும். ஆனால் சரியில்லாத லாட்டில் வளர்த்த மூன்று மாத டேட்டாவைத் தூக்கிப் போடுவதன் விலை அதைவிட அதிகம்.

ஃபீடர் தேவைப்படும் வரிசை என்றால் கருவின் 12.5 முதல் 14.5 நாளில் எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்களை, மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் மைட்டோமைசின் சியில் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் வைத்துப் பெருக்கத்தை நிறுத்த வேண்டும். அதன் பிறகு பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலால் குறைந்தது மூன்று தடவை, சோம்பல் படாமல் கழுவுங்கள். மிச்சமிருக்கும் மைட்டோமைசின் மறுநாள் ஈஎஸ் செல்லைத்தான் கொல்லும். ச.செ.மீ.க்கு 40,000 முதல் 50,000 என்று பரப்பி, மறுநாள் பயன்படுத்தத் தொடங்கி ஒரு வாரம், பத்து நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு குழியைத் தனியே ஒரு வாரம் விட்டுப் பாருங்கள்; எங்காவது பெருகும் திட்டு தெரிந்தால் அந்த பேட்ச்சே வேண்டாம். மருந்துத் தேர்வு செய்யப் போகிறீர்கள் என்றால் அந்த மருந்துக்கு எதிர்ப்புள்ள எலியிலிருந்து எடுத்த ஃபீடர்தான் வேண்டும். இதை மறந்தால் தேர்வின் மூன்றாம் நாள் ஃபீடர் உரிந்து மிதக்கும், மேலே இருந்த காலனிகளும் கூடவே போகும்.

தினசரி வேலையில் கண் பழக வேண்டிய ஒரு விஷயம் காலனியின் ஓரம். 10எக்ஸ் லென்ஸில் பாருங்கள். நல்ல காலனி சற்று உயர்ந்து, ஓரத்தில் பளிச்சென்ற ஒளிக்கோடு சுற்றிவர இருக்கும். உள்ளே தனித்தனி செல்லின் எல்லையைப் பிரித்துச் சொல்ல முடியாது. கெடத் தொடங்கினால் முதலில் ஒரு பக்கத்தில் அந்த ஒளிக்கோடு மங்கும், அங்கிருந்து இரண்டு மூன்று தட்டையான செல் வெளியே காலை நீட்டும், அவற்றின் எல்லைகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். காலனியின் நடுவில் பழுப்பாக இருண்டிருந்தால் ஒரு நாள் தாமதமாகப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு நாளும் மீடியம், இரண்டு நாளுக்கு ஒரு முறை பாசேஜ். ஞாயிற்றுக்கிழமை இதற்குத் தெரியாது. மீடியம் மஞ்சளாகும்வரை விட்டால் அமிலத்தில் நலிந்த செல்கள் சாகும், எஞ்சுபவை எவை என்பது உங்கள் கையில் இல்லை. பாசேஜுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு புது மீடியம் கொடுத்தால் ஒட்டும் திறன் நன்றாக இருக்கும். பிபிஎஸ்ஸால் இரண்டு தடவை கழுவுங்கள், சீரத்தின் மிச்சம் செல்லைப் பிரிக்கும் நொதியான டிரிப்சினை முடக்கும். 37 டிகிரியில் 3 முதல் 5 நிமிடம் டிரிப்சின், பிறகு மீடியத்தால் நிறுத்தி, பத்துப் பதினைந்து தடவை பிப்பெட்டில் ஏற்றி இறக்கி, நுண்ணோக்கியில் பார்த்துத் தனித்தனி செல்லாகிவிட்டதா என்று உறுதிசெய்யுங்கள். இதில்தான் பலர் கையைத் தளர்த்துகிறார்கள். நான்கைந்து செல் கொண்ட கட்டிகளாகவே போனால், அவை அடுத்த நாள் பெரிய காலனிகளாகி, நடுவில் வேறுபடத் தொடங்கி (ஸ்டெம் செல் தன்மை இழந்து வேறு வகைச் செல்லாகி), அடுத்த பாசேஜில் அந்த வேறுபட்ட செல்களைப் பிளேட் முழுக்கப் பரப்பும். நுரை வரும்படி அடிப்பதும் தவறு, செல் உடைந்து வெளிவரும் டிஎன்ஏ பிசுபிசுத்து எல்லாவற்றையும் ஒட்ட வைக்கும்.

ச.செ.மீ.க்கு 20,000 முதல் 40,000 செல் போடுங்கள். 10 செ.மீ. டிஷ்ஷுக்கு 15 முதல் 20 லட்சம். கண்ணளவில் ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று என்று பிரிக்காமல், ஒவ்வொரு முறையும் எண்ணுங்கள், எண்ணியதை நோட்டில் எழுதுங்கள். எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 48 மணி நேரத்தில் ஆறேழு மடங்கு பெருகிக்கொண்டிருந்த வரிசை திடீரென்று பத்து, பன்னிரண்டு மடங்கு காட்டினால் அது கொண்டாட வேண்டிய செய்தி அல்ல. அந்த நோட்டு இல்லாவிட்டால் அது உங்கள் கண்ணில் படவே படாது.

அந்தச் செய்தி என்ன என்றால் பெரும்பாலும் குரோமோசோம் 8இன் மூன்றாவது பிரதி. சுண்டெலி ஈஎஸ் செல்லில் மிக அடிக்கடி வரும் கோளாறு இதுதான். எட்டாவது கூடிய செல் வேகமாகப் பெருகும், அதனால் சில பாசேஜ்களிலேயே பிளேட்டைக் கைப்பற்றிவிடும்; ஆனால் விந்தணு வரிசைக்குப் போய்ச் சேருவது அரிது. 11 கூடுவதும், ஒய் தொலைவதும் அடுத்தபடியாக வரும். எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு பகல் போதும். பாசேஜ் செய்த மறுநாள், நன்றாகப் பெருகிக்கொண்டிருக்கும் பிளேட்டில் மி.லி.க்கு 0.1 மைக்ரோகிராம் கொல்செமிட் (செல் பிரிவை நடுவில் நிறுத்தும் மருந்து) ஒரு மணி நேரம். அதற்கு மேல் விட்டால் குரோமோசோம்கள் சுருங்கிக் குட்டையாகிவிடும். டிரிப்சினில் எடுத்து, சுழற்றி, 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடில் 37 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் ஊற விடுங்கள். பிறகு மூன்று பங்கு மெத்தனாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலை, குழாயை விரலால் தட்டிக்கொண்டே, சொட்டுச் சொட்டாக. முதல் அரை மி.லி.யை அவசரப்பட்டு ஊற்றினால் செல் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும்; பாதிப் பேருக்கு இந்தச் சோதனை வராமல் போவது இந்த இடத்தில்தான். மூன்று தடவை மாற்றிவிட்டு, குளிர்ந்த ஈரமான ஸ்லைடில் ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டு, காயவைத்து, கீம்சா சாயம். சுண்டெலியில் 40 குரோமோசோமும் ஒரு முனையில் சென்ட்ரோமியர் உள்ளவை, அதனால் எண்ண எளிது. 20இலிருந்து 30 பரவல்களை எண்ணி, அதில் 80 சதவீதத்துக்கு மேல் 40 இருந்தால் வைத்துக்கொள்ளலாம். 39 சிதறலாக வருவது ஸ்லைடில் தொலைந்ததாக இருக்கலாம். 41 திரும்பத் திரும்ப வருவது தொலைந்ததாக இருக்கவே முடியாது. ஒரு பொறி: எட்டு கூடி, ஒய் தொலைந்தாலும் கூட்டல் 40தான். அதனால் 1, 8, 11, ஒய் நான்குக்கும் குவான்டிடேட்டிவ் பிசிஆர் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். உறையவைத்த மூல இருப்பு, ஜீன் மாற்றிய ஒவ்வொரு குளோன், ஊசிக்கு அனுப்பும் குப்பி ஆகிய மூன்று கட்டத்திலும் எண்ணாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

செல் வளர்ப்பில் தொற்றும் மிகச் சிறிய பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மா பற்றிச் சுருக்கமாக. கண்ணுக்குத் தெரியாது, மீடியம் கலங்காது, பென்சிலின் அதைத் தொடாது, 0.2 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவி வரும். வெளியிலிருந்து வரும் எந்தக் குப்பியும் தனி இன்குபேட்டரில், ஆன்டிபயாடிக் இல்லாமல் நெருக்கமாக வளர்ந்த பிறகு எடுத்த மீடியத்தில் பிசிஆர் எதிர்மறை என்று வரும்வரை மற்றச் செல்களோடு சேரக் கூடாது. பிறகு மாதம் ஒரு முறை. வந்துவிட்டால், வேறெங்கும் கிடைக்காத குளோன் என்றாலொழிய மருந்து போட்டுக் காப்பாற்ற முயலாமல் ஆட்டோகிளேவுக்கு அனுப்பிவிடுங்கள்.

2ஐக்கு மாறினால் சீரம் தொல்லை தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் பலர். 2008இல் வந்த முறை: சீரமில்லாத என்2பி27 மீடியத்தில் 1 மைக்ரோமோலார் பிடி0325901, 3 மைக்ரோமோலார் கைர்99021 என்ற இரண்டு தடுப்பான்கள், கூடவே லிஃப். சீரத்தில் ஒரே பிளேட்டில் நானோக் (ஸ்டெம் செல் தன்மையைக் காக்கும் ஜீன்) அதிகமுள்ள செல்லும் குறைந்ததும் கலந்திருக்கும். 2ஐயில் எல்லாம் ஒரே மாதிரி, குவிந்த மணிகளாக வளரும். டேட்டா சீராகும் என்பது உண்மைதான். ஆனால் தொல்லை வேறு உருவில் வரும். ஜெலட்டின் மேல் பிடிப்பு குறைவு, மீடியம் மாற்றும்போது வேகமாக உறிஞ்சினால் காலனிகள் அப்படியே போய்விடும். லாமினின் பூசினால் நிற்கும். சீரம் இல்லாததால் டிரிப்சினை நிறுத்த எதுவும் இல்லை, மென்மையான அகுடேஸ் நொதியைப் பயன்படுத்துங்கள், அல்லது அல்புமின் கலந்த மீடியத்தில் நீர்த்துச் சுழற்றுங்கள். கைர் கரைசல் உறைநீக்கியதும் படிகமாகி அடியில் தங்கியிருக்கும்; வெதுவெதுப்பாக்கிச் சுழற்றிவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்காமல் எடுத்தால் மீடியத்தில் பாதி அளவுகூடப் போய்ச் சேராது. சீரத்திலிருந்து மாறும் முதல் இரண்டு மூன்று பாசேஜில் சாவு அதிகம் இருக்கும், பயந்து பழைய மீடியத்துக்குத் திருப்பிவிடாமல் நெருக்கமாகப் போட்டுக் காத்திருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், 2ஐயில் டிஎன்ஏ மெத்திலேற்றம் (ஜீன்களை அடக்கிவைக்கும் வேதிக் குறி) வெகுவாகக் குறையும். மெக் தடுப்பானில் (பிடி0325901) நீண்ட நாள் வைத்திருந்தால் இம்பிரின்ட் (தாய்வழிப் பிரதியையும் தந்தைவழிப் பிரதியையும் வேறுபடுத்தும் குறி) அழிந்து, கருவை உருவாக்கும் திறனே கெடுகிறது என்று 2017இல் இரண்டு குழுக்கள் காட்டின. எலி உண்டாக்கும் நோக்கம் இருந்தால் 2ஐயில் மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். எக்ஸ் இரண்டு உள்ள பெண் வரிசை சீரத்திலேயே மெத்திலேற்றம் குறைந்துதான் இருக்கும், போகப் போக ஓர் எக்ஸையும் இழக்கும். பெரும்பாலோர் ஆண் வரிசையையே வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிரிஸ்பர் வந்த பிறகு குளோன் எடுப்பது எளிதாகிவிட்டது, சரிபார்ப்பது எளிதாகவில்லை. பியூரோமைசின் ஜீன் சேர்ந்த பிளாஸ்மிட் என்றால், லிப்பிட் முறையில் செலுத்தி 24 மணி நேரம் கழித்து மி.லி.க்கு 1.5 முதல் 2 மைக்ரோகிராம் பியூரோமைசின், 48 மணி நேரம் மட்டும். அளவை உங்கள் செல்லில் முன்பே கொன்று பார்த்து முடிவுசெய்திருக்க வேண்டும். தப்பியவற்றைப் பிரித்து 10 செ.மீ. டிஷ்ஷில் 1000 முதல் 2000 செல்லாகப் பரத்துங்கள். ஏழிலிருந்து ஒன்பதாம் நாளில் காலனி எடுக்கலாம். மீடியத்தை பிபிஎஸ்ஸாக மாற்றிவிட்டு, 20 மைக்ரோலிட்டர் பிப்பெட்டை 10இல் வைத்து, முனையால் காலனியின் ஓரத்தைச் சுற்றிலும் மெல்லக் கீறி நெம்பி, தூக்கி, டிரிப்சின் உள்ள 96 குழித் தட்டில் விடுங்கள். பக்கத்துக் காலனியோடு ஒட்டியிருப்பதை, எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். ஒரு தட்டு முழுக்க எடுக்க 40 நிமிடத்துக்கு மேல் ஆனால் டிஷ்ஷில் இருப்பவை நலியும். இரண்டு டிஷ்ஷாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரதித் தட்டு, ஒன்று உறைய, ஒன்று டிஎன்ஏவுக்கு. மைனஸ் 80இல் இருக்கும் 96 குழித் தட்டு நீண்ட நாள் தாங்காது, அதனால் ஜீனோடைப் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரிபார்ப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. வெட்டிய இடத்தைச் சுற்றி 300, 400 பேஸ் அளவுக்கு பிசிஆர் செய்து, ஒரே வரிசை வந்தால் இரு பிரதியும் மாறிவிட்டன என்று மகிழ்வோம். கிரிஸ்பர் வெட்டில் ஆயிரக்கணக்கான பேஸ் வரை அறுந்துபோவது சுண்டெலி ஈஎஸ் செல்லிலேயே 2018இல் காட்டப்பட்டது. அப்படி அறுந்த பிரதியில் உங்கள் பிரைமர் ஒட்டவே இடமில்லை, அதனால் எஞ்சிய ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு இரண்டும் என்று எழுதிவைப்பீர்கள். 5 கிலோபேஸ் அளவுக்காவது நீண்ட பிசிஆர், முடிந்தால் அருகில் உள்ள ஓரெழுத்து வேறுபாட்டைக் கொண்டு இரு பிரதியும் இருக்கின்றனவா என்ற சோதனை, இரண்டும் வேண்டும். தேறிய குளோனை மறுபடி தனிச்செல்லாகப் பிரித்து ஒருமுறை துணைக்குளோன் எடுத்தால் கலப்படம் இருந்தாலும் பிரிந்துவிடும். குறைந்தது மூன்று குளோன்கள், கூடவே அதே மருந்தையும் அதே பாசேஜையும் கடந்து வந்த, ஜீன் மாறாத ஒரு குளோன். அந்த நான்காவது இல்லாமல் தாய் வரிசையோடு ஒப்பிட்டு எழுதிய முடிவில், ஜீனால் வந்த மாற்றம் எது, குளோன் எடுக்கும் வேலையால் வந்த மாற்றம் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

வேறுபடுத்தும் சோதனைகள் தனி உலகம், இரண்டே குறிப்பு. நரம்பு செல்லுக்கான ஒற்றை அடுக்கு முறையில் ச.செ.மீ.க்கு 10,000 என்ற அடர்த்தி உயிர்நாடி. கூடினால் தாங்களே சுரக்கும் காரணிகளால் பலது ஸ்டெம் செல்லாகவே நின்றுவிடும், குறைந்தால் மூன்றாம் நாளே சாகும். தொங்கு துளி முறையில் 20 மைக்ரோலிட்டருக்கு 400, 500 செல், இரண்டு நாள் கழித்து செல் ஒட்டாத பாக்டீரியா டிஷ்ஷில், ஐந்தாறாம் நாள் ஜெலட்டின் மேல். ஏழிலிருந்து பத்தாம் நாளுக்குள் துடிக்கும் திட்டுகளைப் பார்க்கலாம். ஸ்டெம் செல்லை நன்றாக வைத்திருக்கும் சீரம் லாட் இதய செல் உண்டாக்கவும் நன்றாக இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது, அதைத் தனியே சோதிக்க வேண்டும். 2ஐயிலிருந்து வந்த செல்லும் சீரத்திலிருந்து வந்த செல்லும் ஒரே நாள் கணக்கில் வேறுபடாது, ஒரே வரைபடத்தில் போடாதீர்கள்.

ஊசிக்கு அனுப்பும் வாரத்தில் கவனம் வேண்டியது இவ்வளவுதான். மூன்று நான்கு நாள் முன்பே உறைநீக்கி, ஒரு பாசேஜ் தாண்டவிடுங்கள். உறைநீக்கிய மறுநாள் செல்லைக் கொடுத்தால் பாதி நலிந்தவை. ஊசி அன்று காலை புது மீடியம், இரண்டு மணி நேரம் கழித்து டிரிப்சின், பிறகு ஃபீடர் இருந்தால் ஜெலட்டின் டிஷ்ஷில் அரை மணி நேரம் வையுங்கள். ஃபீடர்கள் முதலில் ஒட்டிக்கொள்ளும், மிதப்பவற்றை எடுத்துப் பனியில் வைத்துக் கொண்டுபோங்கள். ஒரு பிளாஸ்டோசிஸ்ட்டுக்குப் போவது 10 முதல் 15 செல் மட்டுமே, ஆகவே சில லட்சம் கொண்டுபோனாலே தாராளம். அந்தப் பதினைந்தும் வட்டமாக, பளிச்சென்று, ஓர் அளவாக இருக்கின்றனவா என்பதே கேள்வி. எந்தக் கரு இனத்தில் செலுத்துவது என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்: 129 செல் என்றால் கருப்பு சி57பிஎல்/6 கரு, கருப்பு ரோம ஜேஎம்8 என்றால் வெள்ளை ரோம கரு. அகூட்டி (காட்டு எலியின் பழுப்பு) நிறத்துக்குத் திருத்திய ஜேஎம்8ஏ3 என்றால் கருப்பே போதும். ஆண் கைமேராவைக் கருப்புப் பெண்ணோடு சேர்த்தால், 129 செல்லிலிருந்து வந்த குட்டி அகூட்டி நிறத்தில் தெரியும், ஒரு பிரதி மட்டும் மாறிய குளோன் என்றால் அவற்றில் பாதிக்குத்தான் நீங்கள் மாற்றிய ஜீன் போயிருக்கும், எல்லாவற்றின் வாலையும் ஜீனோடைப் செய்யுங்கள். ரோமத்தில் அகூட்டி அதிகமுள்ள ஆண்களை முதலில் இணைசேருங்கள், முதல் ஈற்று முழுக்கக் கருப்பு என்று கைவிட வேண்டாம். நான்கைந்து ஈற்றும் கருப்பாகவே வந்தால் அந்த ஆணை நிறுத்திவிட்டு, ஊசிக்குப் போன அதே குப்பியின் சகோதரக் குப்பியை உறைநீக்கி மறுபடி குரோமோசோம் எண்ணுங்கள். 40 வந்தால் இரண்டாவது குளோனை ஊசிக்கு அனுப்புங்கள், 41 வந்தால் மூல இருப்பிலிருந்து தொடங்குங்கள்.